நிறுத்தும் கட்டளை

எட்டு மணிக்கே வேலைக்கு வந்துவிடுவேன். அந்த நேரத்தில்தான் தேநீர் இயந்திரத்துக்கு முன்னால் வரிசை இருக்காது.

நாங்கள் தகடு வெட்டும் இயந்திரம் செய்கிறோம். அதன் பிராசசரைக் கடையில் வாங்குவதில்லை. சிப்புக்குள் நாங்களே அமைத்துக்கொள்வோம். அது நிறைவேற்றும் கட்டளைகளை ஒன்றுவிடாமல் பதிவுசெய்து, திரையில் வரிவரியாகப் பார்த்துப் பிழை தேடுவது என் வேலை. முதலாளி என் அக்கா வீட்டுக்காரர்.

கத்திக்கடியில் கை நுழைந்தால் இயந்திரம் நிற்க வேண்டும். எப்போதாவது ஒருமுறை நிற்காமல் போனது. பதினோரு நாள் பதிவுகளைப் பார்த்தேன். இயந்திரம் தன் சூட்டை அளக்கும் கணத்திலேயே கையும் நுழைந்தால், பிராசசர் நிறுத்தும் கட்டளையைத் தாண்டிப் போய்விடுகிறது. இரண்டே வரியில் சரிசெய்தேன்.

அத்தானிடம் காட்டினேன். எல்லார் முன்னாலும் சிரித்தார். "உக்காந்து படம் பாக்கறதுக்கு இவனுக்குச் சம்பளம் வேற." அக்காவும் சேர்ந்து சிரித்தாள். மறுவாரம் அந்தப் பிழையைத் தானே கண்டுபிடித்ததாக வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் போட்டார்.

வாங்க வருபவர்களுக்கு இயந்திரத்தை ஓட்டிக் காட்டும் டெமோவில், அது நிற்கிறது என்று காட்ட அத்தான் தன் கையைத்தான் நீட்டுவார். வீரம் காட்டுவதில் அவ்வளவு ஆசை. அதனால் அடுத்த டெமோ அன்று காலை, திருத்தாத பழைய புரோகிராமை ஏற்றினேன். சூடு ஏற ஏற அடிக்கடி அளக்கும் என்பதால் இரண்டு மணி நேரம் சும்மா ஓடவும் விட்டேன்.

பத்து மணிக்கு ஆட்கள் வந்தார்கள். அத்தான் புதுச்சட்டை போட்டிருந்தார்; கையில் எண்ணெய் படுமே என்று நினைத்தாரோ என்னவோ, இயந்திரம் ஓட்டும் பெண்ணைக் கூப்பிட்டார். "நீ வச்சுக் காட்டும்மா."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அதான் சரி பண்ணிட்டீங்கல்ல, சார்?"

யோசிக்க அவகாசம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். அத்தான் மறுபடியும் சிரிப்பார்.

"பண்ணிட்டேன்" என்றேன்.

நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பதிவு அவ்வளவு சுத்தமாக வந்தது. அவளுக்கு நான்கு விரல்கள் போயின.

மருத்துவமனைக்கு மூன்று முறை போனேன். பதிவை அச்செடுத்துக் கொண்டுபோய், எந்த வரியில் தாண்டியது என்று நிதானமாக விளக்கினேன். பழைய புரோகிராமை ஏற்றியவன் நான்தான் என்பதையும் மறைக்கவில்லை. அத்தான் என்னை அந்த நிலைக்குத் தள்ளியதையும் சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவளுக்கு நியாயம் கிடைக்கத்தான் உங்களிடமும் இவ்வளவு சொல்கிறேன். என்மேல் அவளுக்கு என்ன கோபம் என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.