தடுப்பு இல்லாத வேன்

ஹலோ... ஹலோ, சொல்லும்மா. ஷோரூம்ல கண்ணாடி லோட இறக்கியாச்சா?... என்ன? சத்தமாச் சொல்லு, இங்க கட்டிங் மிஷின் ஓடுது. இரு, நிறுத்தறேன்... ம், இப்ப சொல்லு.

...

இடிச்சுட்டியா? எதுல?... காரா? ஆளுங்களுக்கு ஏதாவது... இல்லையே? உனக்கு?... நெஜமா ஒண்ணும் இல்லல்ல? சரி. சரி சரி, அழாத. பிரேக் போட்டும் நிக்கல, அவ்வளவுதானே. யாருக்கும் நடக்கறதுதான்.

என்ன கார்?... அய்யோ. புதுசா?... பின்பக்கம் பூராவுமா?

...

இல்ல, கேட்டுட்டுதான் இருக்கேன்.

இங்க பாரு, ஒண்ணு சொல்றேன், கோவப்படாமக் கேளு. இன்சூரன்ஸ்ல உன் பேரு இல்ல... ஆமா. இல்ல. ஒரே டிரைவர்னு போட்டா ப்ரீமியம் குறையும்னு ஏஜென்ட் சொன்னாரு, என் பேர மட்டும் போட்டேன்... சொல்லணும்னுதான் இருந்தேன். எனக்குக் கை வெட்டுப்படும், நீ வண்டிய எடுக்க வேண்டி வரும்னு ஜோசியமா பாத்தேன்? சரி, சண்டைய வீட்டுல வச்சுக்கலாம்.

போலீஸ் வந்துட்டாங்களா?... வரலல்ல. அந்தக் கார்க்காரன் உன்னப் பாத்தானா?... ஃபோன்ல கத்திட்டு இருக்கானா, முதுகக் காட்டிட்டு? நல்லதாப் போச்சு. நீ மெதுவாப் பக்கத்து சீட்டுக்கு நகந்துடு. நான் ஒரு வண்டியப் புடிச்சு வந்துடறேன். நான்தான் ஓட்டினேன், தண்ணி வாங்கப் போனேன்னு சொல்லிக்கலாம்... கைக்கட்டா? பிரிச்சுடறேன். தையல் தெரிஞ்சா கையப் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கறேன்... கேள்வி கேக்காதம்மா. அந்தக் கார் செலவு நம்ம தலையில விழுந்தா கடைய வித்தாலும் அடையாது. நகரு.

...

ஏன் முடியல? கால் மாட்டிக்கிச்சா?... பின்னாடி என்ன?

...

எது கழுத்துல?

...

அசையாத.

அசையாத, அசையாத. தலையத் திருப்பாத... பேசலாம், மெதுவாப் பேசு. எந்தக் கண்ணாடி? ஷோரூமுக்கு வெட்டின பெரிய ஷீட்டா?... ஸ்டாண்டுலேர்ந்து வழுக்கி முன்னாடி வந்திருக்கு. விரிசல் விடற மாதிரி சத்தம் கேக்குதா?... விட்டு விட்டா?

சரி. ஒண்ணும் ஆகாது. ஃபோன் எங்க, மடியிலயா? ஸ்பீக்கர்லதானே இருக்கு? இருக்கட்டும், தொடாத. இன்ஜின்?... அணைஞ்சுடுச்சு, நல்லது. காலப் பிரேக்லேர்ந்து எடுக்காத. கை ஸ்டீயரிங்லயே இருக்கட்டும்.

...

ஆமா. நீ சொன்ன. சீட்டுக்குப் பின்னாடி கம்பித் தடுப்பு வைக்கணும்னு நீதான் சொன்ன. வண்டிய மாத்தினதாக் காட்டணும், அதுக்கும் ப்ரீமியம் ஏறும்னு நான்தான்... ஆமாம்மா. நான்தான்.

யாரது? யாரு தட்டறது?... கார்க்காரரா? சார்! சார், கதவத் தொடாதீங்க! இங்க, அவ மடியில இருக்கற ஃபோன்ல பேசறேன். அவ வீட்டுக்காரன்... திட்டுங்க சார், அப்பறம் எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. ஜன்னல் வழியா அவ கழுத்துக்குப் பின்னாடி பாருங்க... பாத்தீங்களா?

...

சார்?

...

ஆமா. கதவத் திறந்தா வண்டி ஆடும். ஆடினா அது... ஆமா சார். தீயணைப்புக்கு ஃபோன் பண்ணுங்க. கண்ணாடி லோடுன்னு மறக்காமச் சொல்லுங்க. வேன் மேல யாரையும் சாய விடாதீங்க.

...

சொல்லிட்டீங்களா? வர்றாங்களா?... யாரு ஓட்டினதுன்னா கேக்கறீங்க?

அவதான் சார். அவதான் ஓட்டினா. இன்சூரன்ஸ்ல அவ பேரு இல்ல... தெரியும் சார். தெரிஞ்சுதான் சொல்றேன்.

நீ பேசாத. அழவும் வேணாம், அழுதா தோள் குலுங்கும். அந்த சீட்லயே இரு, போலீஸ் வந்து பாத்தாலும் பாக்கட்டும்... கடையா? பூட்டல. ரோட்டுல ஓடிட்டு இருக்கேன், மூச்சு வாங்கறது கேக்கல? ஒரு வண்டியும் நிக்க மாட்டேங்குது.

சார், நீங்க முன்னாடி போய் நில்லுங்க. திரும்பாமலே அவளுக்கு ஒரு மனுஷ முகம் தெரியணும்... நிக்கறாரா? முறைக்கறாரா? முறைக்கட்டும், நீ அவரையே பாரு.

...

சைரன். ஏம்மா, சைரன் கேக்குதா?... இங்க கேக்குது. சிவப்பு வண்டிதான், என்னைத் தாண்டிப் போகுது. வழி விடுங்கப்பா, வழி விடுங்க! உன்கிட்டதான் வர்றாங்க. கேக்குதா?... இன்னும் இல்லையா?

...

இப்ப?

...

இப்ப?

...

ம். ம். நல்லது. எத்தன பேரு?... யாரு சார், தீயணைப்பு ஆளா? ஆமா, வீட்டுக்காரன்தான்... ஃபோன அணைக்கணுமா? சரி சார்... என்ன?... அவகிட்ட ஏதாவது சொல்லணுமாவா?

...

வேணாம் சார். நான் எது சொன்னாலும் தலையாட்டிடுவா. வச்சுடுங்க.