தலைபார்த்த கல்

உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் பால் குடித்த காலம். முள்ளூரணியில் இருளாயி என்றொருத்தி இருந்தாளாம். எழுபது செம்மறி ஆடு. ஒரே மகள் ராக்கு, ஆறு வயசு.

சாயங்காலம் ஆடுகள் பட்டிக்கு வந்ததும் இருளாயி உண்ணி பார்ப்பாளாம். காது பார்ப்பாள், தொடை இடுக்கு பார்ப்பாள், வாலடி பார்ப்பாள். ஓர் ஆட்டையும் விடமாட்டாள். மகள் தலையை மட்டும் பார்க்கமாட்டாள். அது ஐயனாருக்கு நேர்ந்த முடி. கோயிலில் மொட்டையடித்து முடி இறக்கும்வரை சீப்பு படக்கூடாது, கை படக்கூடாது. அது ஊர்க் கட்டுப்பாடு.

“அம்மா, காதுக்குப் பின்னாலே அரிக்குது.”

“சாமி முடிடி. சொறியாதே.”

மறுநாளும் சொன்னாளாம். மறுநாளும் அதே பதில். அப்புறம் காய்ச்சல் வந்தது. கை காலெல்லாம் செம்புள்ளி.

“நேர்ச்சை தள்ளிப்போச்சு, ஐயனாருக்குக் கோபம்” என்றானாம் புருஷன் சேவுகன். பிள்ளையைக் கோயிலுக்குத் தூக்கிப் போனார்கள். நாவிதர் கருத்தாண்டி கத்தி வைத்தார். பாதியில் நிறுத்தினார். காதுக்குப் பின்னால், ஆமணக்கு விதை கணக்காக ஓர் உண்ணி.

சேவுகன் விரலால் பிடுங்கப் போனான்.

“நசுக்காதப்பா! விஷம் உள்ளே இறங்கும்” என்று தடுத்தாராம் நாவிதர். முள்வாங்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேரே இழுத்தார்.

“எடுத்தாச்சே. இனி பிழைச்சுக்குவாள்ல?” என்றாள் இருளாயி.

“தாயி, கடிச்ச அன்னைக்கே எடுத்திருக்கணும்.”

இரண்டு நாளில் ராக்கு போய்விட்டாள்.

“எழுபது ஆட்டுக் காதைப் பார்த்தேனே, எழுபது ஆட்டுக் காதைப் பார்த்தேனே” என்று ஒரு மாசம் அழுதாளாம். பிறகு ஊருக்குள் நுழையும் பாதையில் ஒரு கல்லில் போய் உட்கார்ந்தாள். மேய்ச்சலிலிருந்து வந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். நேர்ந்த முடியையும் விலக்கிப் பார்த்தாள்.

பூசாரி ஓடிவந்தாராம். “அடியே, சாமி முடியிலே கை வைக்கிறியே, உன் குடும்பம் விளங்குமா?”

“சாமி எடுத்துக்க என்கிட்டே இனி என்ன இருக்கு? நீ குனி ராசா” என்று அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாளாம். பூசாரி வந்த வழியே திரும்பிவிட்டார்.

வயசாகிக் கண் போனது. அப்போதும் விரலால் தடவிப் பார்த்தாளாம்.

அந்தக் கல்தான் தலைபார்த்த கல். இன்றைக்கும் மேய்ச்சலிலிருந்து வருகிறவர்கள் அங்கே நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். காதுமடல், பிடரி, அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு. உண்ணி இருந்தால் முள்வாங்கியால் எடுத்து, கடிவாயைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறார்கள். பிறகு காய்ச்சல் கண்டால், “உண்ணி கடிச்சது” என்று டாக்டரிடம் முதலில் அதைத்தான் சொல்கிறார்கள்.

முடி இறக்கும் நாளில், கத்தி படுமுன், பெற்றவள் பிள்ளையின் காதுக்குப் பின்னால் விலக்கிப் பார்க்க வேண்டும். ஒன்றும் இருக்காது. ஆனாலும் கையை உடனே எடுக்கமாட்டாள்.