உள்ளேயிருந்து திறந்த டனல்

ராத்திரி மணி ஒன்பதே கால். தாயில்பட்டியிலிருந்து சாத்தூர் வருகிற ரோடு. முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி கிடையாது... அஷ்ஃபாக் தனியாக பைக்கில் வருகிறார். நம்ம அப்துல் ஹலீமின் மச்சான்தான், ஒரு பட்டாசுக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். இது நடந்தது 2007, தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால். சிரிக்கிறவர்கள் கடைசியில் சிரிக்கலாம்.

வழியில் அந்தப் பட்டாசுக் கம்பெனி. வெடித்து மூன்று நாள். கேட்டில் சீல். கரண்ட் வயரையும் வெட்டிவிட்டார்கள். கந்தக வாடை மட்டும் போகவில்லை. பன்னிரண்டு பேர் அங்கேயே போய்விட்டார்கள். பதின்மூன்றாவது ஆள் செழியன், அஷ்ஃபாக்கின் கூட்டாளி, மதுரை ஆஸ்பத்திரியில் உயிருக்கு இழுத்துக்கொண்டு கிடக்கிறான். வெடித்த அன்று லீவில் இருந்தவனை, "கம்ப்யூட்டர் நின்னு போச்சுலே, ஆன் பண்ணிட்டு வா" என்று அனுப்பியதே அஷ்ஃபாக்தான். மூன்று நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாது. ஃபயர்வால் மறிக்கும். வருகைப் பதிவு போடுகிற பொன்னுத்தங்கம் அக்கா தினமும் சாயங்காலம் உள்ளேயிருந்து ஒரு எஸ்.எஸ்.எச். டனல், அதாவது வெளியாள் அந்தக் கம்ப்யூட்டருக்குள் வர ஒரு சுரங்க வழி, போட்டுவிடும். அது வழியாகத்தான் அஷ்ஃபாக் சாத்தூர் வீட்டிலிருந்தே உள்ளே போய் வேலை பார்ப்பார். உள்ளே ஆள் இருந்தால்தான் வழி திறக்கும். பொன்னுத்தங்கமும் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டார்... டனல் திறந்திருந்தது.

"கரண்ட்டே இல்லையேண்ணே, அந்தக் கம்ப்யூட்டரு எப்பிடி ஓடும்?" கதை கேட்டுக்கொண்டிருந்த ஹஸ்னா குறுக்கே கேட்டாள்.

"நானும் அதைத்தாம்மா கேட்டேன் ஹஸ்னா. அஷ்ஃபாக்குக்கே தெரியல."

பாஸ்வேர்டு கேட்டது. அடித்தார். 9.48-க்கு உள்ளே போய்விட்டார். அறைக்குள் கந்தக வாடை... வருகைப் பதிவைத் திறந்தார். வெடித்த நாளின் தேதி இல்லை, அவர் திறந்த அன்றைய தேதி. பதின்மூன்று பெயர். எல்லாருக்கும் வந்த நேரம் காலை எட்டு. போன நேரம் காலி.

என்ன தோன்றியதோ, செழியன் பெயருக்கு நேரே போன நேரம் போட்டார். 9.52.

போன் அடித்தது. செழியனின் அம்மா முருகம்மாள்.

"தம்பி... எம்புள்ள கண்ணு முளிச்சிட்டான்யா. தண்ணி கேக்கான்."

மனுஷன் தேம்பித் தேம்பி அழுதுவிட்டார். அழுதபடியே திரையைப் பார்த்தார். பட்டியலுக்கு அடியில் ஒரு புது வரி. ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது. அஷ்ஃபாக். வந்த நேரம் 9.48.

தன் பெயருக்கும் போன நேரம் போடப் போனார். டனல் அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை முயன்று பார்த்தார். உள்ளேயிருந்து யாரும் திறக்கவில்லை.

செழியன் நன்றாக இருக்கிறான். அவனுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. அஷ்ஃபாக் அன்றையிலிருந்து எந்தப் பட்டாசுக் கம்பெனிப் பக்கமும் போனதில்லை. வீட்டிலேயேதான் இருக்கிறார்.

ஆனால் தினமும் சாயங்காலம் அவர் மனைவி அக்தர் பேகம் சோப்புப் போட்டு அவர் கையைக் கழுவிவிடுகிறார்... இரண்டு உள்ளங்கையிலும் பட்டாசுக்குப் போடுகிற அலுமினியப் பொடி.