சடைமுடியில் தீபாவளி எண்ணெய்

தீபாவளிக்கு மறுநாள் காலை எட்டே முக்கால் மணிக்கு, பழவங்காடியில் நான் ஏறிய பேருந்தில் கேட்டது. முன் இருக்கையில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். மகளுக்கு முப்பது வயதிருக்கும்.

“நாலு மாசம் சீப்பு தொடாம சடைமுடி வளர்த்தேன். ஒரு கிண்ணம் எண்ணெயிலே பாதி அவிழ்ந்து போச்சு.”

“எண்ணெய் வைக்காம தீபாவளி ஸ்நானமாடி?”

“உச்சியிலே மூணு சொட்டு போதும்னு சொன்னேனோ இல்லையோ? நீ தேய்ச்சு, விரலாலே சிக்கும் எடுத்துட்டே.”

“கைப்பழக்கம்டி. சிக்கைக் கண்டா இந்தக் கை சும்மா இருக்காது. இதோட விட்டுடேன். உன் பொண்ணு சன்யாசம் வாங்கிண்டாளான்னு ஆத்துக்கு வரவா எல்லாரும் கேக்கறா.”

“கேக்கட்டும், சாரமில்லை. இன்னிக்கு மறுபடியும் முதல் நாள். எண்ணெய் போக ரெண்டு தடவை சோப்பு போட்டு அலசியாச்சு. சடை பிடிக்க மெழுகு கிழுகு ஒண்ணும் வேண்டாம், தானா திரளட்டும். பக்கத்துச் சடையோட வேர் ஒட்டிக்காம மட்டும் பிரிச்சு விடணும்.”

சொல்லிக்கொண்டே பின்னந்தலையில் விரலால் தேடினாள்.

“இங்கே ரெண்டு ஒட்டிண்டிருக்கு. கை எட்டலை.”

தாய் மடியிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

“திரும்பி உட்காரு. வேரை மட்டும் பிரிக்கணும், நுனியைத் தொடப்படாது. அதானே?”

“அதேதான். கையிலே எண்ணெய் இருக்கா?”

தாய் இரண்டு கைகளையும் முந்தானையில் அழுத்தித் துடைத்து, மகளின் மூக்கருகே நீட்டினார்.

“மோந்து பாரு.”