ஃபேனைப் பார்த்த நாற்காலிகள்

"ஹலோ... ஆங், சொல்லுடா... எத்தனை பேரு?... பன்னெண்டா? உன் மாமாவையும் சேர்த்தா?... சரி, அப்போ பதினொண்ணு."

நாற்காலி வாடகைக் கடைக்குள் மீதி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த அக்கா, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். தம்பி வார்டு தேர்தலில் நிற்கிறான். நாளை மறுநாள் ஓட்டு, இன்றைக்குக் கடைசிக் கூட்டம். மைதானத்தில் நானூறு நாற்காலியை மதியமே இறக்கிப் போட்டுவிட்டு வந்தவள் அவள்தான்.

"எதுக்குடா இப்படி மூச்சு வாங்குது? முதல்ல மேடையை விட்டுக் கீழ இறங்கு... ம்... ம்... என்னது? விலகிக்கப் போறியா? யாருக்காக?... உன்னை எதிர்த்து நிக்கற மருந்துக்கடைக்காரருக்காகவா! ஆறு மணிக்கு மைக்லயே சொல்லிடப் போறியா?... ஆமா, நேத்து அவர் கூட்டத்துக்கு அறுநூறு பேர். ஆமா ஆமா, நான்தானே நாற்காலி போட்டேன், எனக்குத் தெரியாதா?... உனக்கும்தான் போன வாரம் அறுநூறு பேர் வந்தாங்க. என்ன குதி குதிச்ச! ஜெயிச்சாச்சுக்கான்னு நடுராத்திரி வரைக்கும் என்னைத் தூங்க விட்டியா?"

இப்போது அவன் குரல் உடைந்தது. இரண்டு தேர்தலில் தோற்றவன். இந்தத் தடவை நிற்பதற்காக பஸ் டிப்போ குமாஸ்தா வேலையையும் விட்டுவிட்டு வந்திருந்தான். தோற்றால்கூட எழுந்துவிடுவான், இப்படித் தானாகவே கையைக் கழுவிக்கொண்டு வந்தால் ஆயுசுக்கும் எழ மாட்டான் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"டேய், நான் சொல்றதைக் கேளு. குறுக்க பேசாத. இருபத்திரண்டு வருஷமா நாற்காலி போடறேன். எந்தக் கூட்டம் முடிஞ்சாலும், எடுத்து அடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சுத்து நடந்து பார்ப்பேன். பேச்சைக் கேட்டவன் எழுந்து போனா நாற்காலி மேடையைப் பார்த்தே கிடக்கும். அடுத்தவன்கிட்ட கதை பேசினவன் நாற்காலி ஜோடி ஜோடியாக் கிடக்கும். உன் கூட்டம் முடிஞ்சப்ப எப்படிக் கிடந்துச்சு தெரியுமா?... மனசு கஷ்டப்படுவியேன்னுதான் சொல்லல. அத்தனையும் ஃபேனைப் பார்த்துத் திரும்பியிருந்துச்சு... ஆமாடா, ஃபேனை! எட்டு ஃபேன், எட்டு வட்டம். உன் மேடை அந்தப் பக்கம் அனாதையா நிக்குது... அவர் கூட்டத்துலயும் அதே எட்டு வட்டம்தான். அதே ஆளுங்கதான். ஒரு அம்மா ரெண்டு கூட்டத்துக்கும் தலையணையோட வந்துச்சு."

அடுக்கின் உச்சியில் ஒரு நாற்காலியை ஓங்கி வைத்தாள். அந்தப் பக்கம் அவன் ஏதோ சொல்லிக்கொண்டே போனான். தன் பேச்சுக்குக் கூட்டம் வந்ததில்லை என்பதை எந்த வேட்பாளன்தான் லேசில் ஒத்துக்கொள்வான்?

"பேச்சாவது ஒண்ணாவது! டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சு ஒம்பது நாளா ஏரியாவே கரண்ட் இல்லாமக் கிடந்துச்சு. மைதானத்துல ஜெனரேட்டர் இருக்கு, ஃபேன் இருக்கு, போனுக்குச் சார்ஜ் போட நாப்பது பிளக் இருக்கு. எமனே வந்து ஓட்டுக் கேட்டிருந்தாலும் கூட்டம் கூடியிருக்கும்... சரி, இன்னிக்கு மட்டும் ஏன் காலியாக் கிடக்கு? நீயே சொல்லு... கரண்ட் எப்ப வந்துச்சு?... இன்னிக்கு மதியம் பன்னெண்டரைக்கு. யாரால வந்துச்சு?... அட, வாயைத் திறந்து சொல்லேண்டா! ஒரு வாரமா கரண்ட் ஆபீஸ் வாசல்ல பழியாக் கிடந்து, அந்த லைன்மேனைக் கையோட கூட்டிட்டு வந்தது யாரு? தெருவுக்கே தெரியும். எல்லாரும் வீட்டுல ஃபேனைப் போட்டுக்கிட்டு, உன்னை வாழ்த்திக்கிட்டுப் படுத்துக் கிடக்கறாங்க. காலி நாற்காலி ஒவ்வொண்ணும் உனக்கு ஒரு ஓட்டுடா, மடையா!"

அந்தப் பக்கம் அவன் மூக்கை உறிஞ்சினான். அவளுக்குப் பாவமாக இருந்தது.

"புரிஞ்சுதா?... விலக மாட்டல்ல?... சத்தியமெல்லாம் வேண்டாம், சும்மா சொன்னாப் போதும்... அதான் என் தம்பி! மேடையை அப்படியே விட்டுடு. வீடு வீடாப் போய்க் கதவைத் தட்டு. ஃபேன் ஒழுங்கா ஓடுதான்னு மட்டும் கேளு. ஓட்டைப் பத்தி மூச்சு விடாத... இரு, இரு. ஒரு நிமிஷம்."

கடையில் விளக்கு அணைந்திருந்தது. வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். எதிர்ச் சாரியிலும் ஒரு வீட்டில்கூட வெளிச்சம் இல்லை.

"டப்புன்னு ஒரு சத்தம்டா. தெரு பூரா போயிடுச்சு... அங்க ஜெனரேட்டர்ல ஓடுது, உனக்கு எப்படித் தெரியும்? உடனே கரண்ட் ஆபீஸுக்கு ஓடு... என்ன சத்தம் அங்க?... வர்றாங்களா? எத்தனை பேரு?... சிரிக்காதடா! நான் இவ்வளவு நேரம் யாருக்குச் சொன்னேன், செவுத்துக்கா? அரை நாள்கூட நிக்காத கரண்டைக் குடுத்தானேன்னு உன்னைத் திட்டிக்கிட்டே வர்றாங்கடா... கை தட்டறாங்களா? ஃபேனைப் போட்டதுக்குத் தட்டறாங்க!... ஆமா, இங்கயும் தெரியுது, சார்ஜரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடறாங்க. அந்தத் தலையணை அம்மாவும் போகுது... என்னது? இன்னும் முந்நூறு நாற்காலியா?... டேய், மருந்துக்கடைக்காரர் ஸ்கூட்டர்ல போறாருடா! கரண்ட் ஆபீஸ் பக்கம் பறக்கறாரு!... என்ன? உன் கூட்டத்தைப் பார்த்துப் பயந்து ஓடறாரா?... அடக் கடவுளே! டேய், மைக்கை எடுக்காத, முதல்ல அவருக்கு முன்னாடி நீ போய் லைன்மேனைப் பிடி... ஹலோ! டேய்!"

போனை வைத்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் மைதானத்தின் ஒலிபெருக்கியில் அவன் குரல் கணீரென்று எழுந்தது. இத்தனை வருஷத்தில் அவன் இவ்வளவு நன்றாகப் பேசி அவள் கேட்டதில்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

வேன் டிரைவரைக் கூப்பிட்டு முந்நூறு நாற்காலியையும் ஏற்றச் சொன்னாள். அவன் வாழ்க்கையிலேயே பெரிய கூட்டம் அது. உட்கார இடமில்லாமல் யாரும் திரும்பிப் போய்விடக் கூடாது.