பீப்பாயின் கோட்டு

— கதவைத் திற தங்கச்சி. வெளியில ஆளுங்க தட்டுறாங்க பாரு.

— தட்டட்டும். தாழ்ப்பாள் போட்டது நான். நான் நினைச்சாத்தான் திறப்பேன். எந்திரிடா!

— முட்டியில போட்டுட்டே. எந்திரிக்க வரலை.

— இன்னொரு முட்டி மிச்சம் இருக்கு. கம்பியும் என் கையிலதான் இருக்கு. என் வீட்டுக்காரருக்கு வலது கை போச்சு, தெரியுமா? காலையில ஆஸ்பத்திரியில மணிக்கட்டோட எடுத்துட்டாங்க. அங்கிருந்து நேரா இங்க வரேன்.

— எடுத்துட்டாங்களா? ரெண்டு விரல் மட்டும்தான்னு சொன்னாங்களே... ஐயோ, பீப்பாய்...

— அந்தப் பேரைச் சொல்லாதே! ஊரே அவரைப் பீப்பாய்னு கூப்பிடும், அவரும் சிரிச்சுக்கிட்டே போவார். இன்னிக்கு அந்தப் பேரை உன் வாயால கேட்டா பல்லைப் பேத்துடுவேன்.

— சரிம்மா. சொல்லலை.

— ஸ்டோர் அண்ணே ஸ்டோர் அண்ணேன்னு உன்னை வீட்டுக்குள்ள விட்டேனே. இரும்பு உருக்குற உலைக்கு முன்னாடி நிக்கிற மனுஷனுக்கு உன் ஸ்டோர்லேர்ந்து மட்டமான துணியில கோட்டு கொடுத்திருக்கே. கண்ணு முழிச்சதும் அவர் சொன்ன முதல் வார்த்தையே அதுதான். "துணி மட்டம், இரும்புக் குழம்பு தெறிச்சதும் பொசுங்கிடுச்சு"ன்னார்.

— அவனே சொன்னானா?

— ஆமா. இல்லைன்னு சொல்லு பாப்போம்.

— இல்லைன்னு சொல்லலை. மட்டம்தான். நான்தான் பாத்து வாங்கலை. அடிச்சுக்கோ.

— அடிக்காம? இந்தா! இது அவர் கத்தின கத்தலுக்கு. இது... எதுக்குடா கையைக் கீழே போடுறே? தடுடா!

— தடுக்க மாட்டேன்.

— பெரிய தியாகி! பொருந்தற மாதிரி ஒரு கோட்டாவது கொடுத்தியா? வயித்துல பட்டன் போட முடிஞ்சா கோட்டோட கை விரலைத் தாண்டித் தொங்குது. அகலமா இருக்கறவன் எல்லாம் பனைமரம் மாதிரி நெட்டையாவும் இருப்பானா?

— குட்டையா, அகலமா ஒண்ணு வேணும்னு கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன்மா. பெரிய சைஸ் இருக்குல்ல, அதைக் கொடுன்னு மேனேஜர் முடிச்சிட்டார்.

— கல்யாணத்தன்னிக்கே கடைச் சட்டையில பட்டன் தெறிச்சு என் மடியில விழுந்துச்சு. அன்னியிலேர்ந்து அவர் உடம்புல எது ஏறினாலும் என் கை பட்டுத்தான் ஏறும். இந்தக் கோட்டையும் வந்த புதுசுல ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து அவர் கைக்கு அளவா சரி பண்ணிக் கொடுத்தது நான்தான். அந்த அக்கறையில கால்வாசி உனக்கு இருந்துச்சா?

— உன் அக்கறை யாருக்கும் வராதும்மா.

— நக்கலா? அந்த அலமாரியில தொங்குதே ஒரு கோட்டு, எடு. போடு!

— எதுக்கு?

— அதோ காஸ் டார்ச் இருக்கு. பத்தவெச்சு உன் கையில காட்டப்போறேன். மட்டமான துணி எப்படிப் பொசுங்கும்னு நீயும் தெரிஞ்சுக்கோ.

— தங்கச்சி, அது வேண்டாம். கம்பியாலேயே அடி.

— பயமா? அவருக்கும் இப்படித்தானே இருந்திருக்கும்! போடுடா!

— போட்டுட்டேன்... போட்டுட்டேன். முகத்துக்கிட்ட மட்டும் கொண்டு வராதே.

— கையை நீட்டு. இன்னும் நீட்டு. சுடுதா? கத்து!

— ...

— ஏன் கத்தலை? கருப்புக்கூட ஏறலையே. நெருப்பு நேரா பட்டும் துணி அப்படியே நிக்குது. டேய், இது மட்டமான துணியா?

— அது... இது புதுசா வந்தது. அவனோடது வேற.

— பொய்! அதே காலர், அதே நீலப் பட்டை. மாசக்கணக்கா துவைச்ச கைக்குத் தெரியாதா? அவர் கோட்டு எங்கே?

— தூக்கிப் போட்டுட்டாங்க.

— ஏன் அந்தப் பெட்டியையே பாக்கறே? நகரு!

— தங்கச்சி, உன்னைக் கும்பிடறேன், அதைத் திறக்காதே. இன்னொரு முட்டியையும் உடைச்சுக்கோ. பெட்டியைத் தொடாதே!

— நகருடான்னா!... இதுதான். இதேதான். ஆனா நெஞ்சுப் பக்கம் ஒண்ணும் ஆகலையே. வயித்துலயும் இல்லை. வலது கை நுனி மட்டும் கரிக்கட்டையா இருக்கு. ஏன் அங்க மட்டும்?

— விட்டுடும்மா.

— மண்டையைப் பொளந்துடுவேன். சொல்லு!

— குழம்பு நேர் துணியில தெறிச்சா நிக்காது. உருண்டு கீழே விழுந்துடும். அதுக்குன்னே செஞ்ச துணி அது. கோட்டுக் கையை வெளிப்பக்கமா மேல மடிச்சுவிட்டிருந்தா மட்டும் அந்த மடிப்புக்குள்ள போய்த் தேங்கிடும். உதறினாலும் போகாது.

— மடிச்சுவிட்டிருந்தாவா...

— கோட்டோட இடது கையைத் திருப்பாதேம்மா. சொன்னா கேளு.

— இந்த மடிப்புல என் சிவப்பு நூல். பிரியாம இருக்கட்டும்னு ரெட்டைத் தையல் போட்டேன்.

— பிரிச்சிடுடான்னு தினம் சொன்னேன். கத்திரிக்கோலைக்கூட நீட்டினேன். "வீட்டுக்குப் போனா என் தையல் எங்கேன்னு கேப்பா, அவ முகம் வாடிடும்"னு சிரிச்சிட்டுப் போயிடுவான்.

— அப்போ துணி மட்டம்னு ஏன் ரெண்டு பேரும்...

— வண்டியில ஏத்தறப்போ என் சட்டையைப் பிடிச்சு இழுத்தான். அந்த வலியிலயும் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னான். "துணி மேல பழியைப் போட்டுடு. அவ வந்து உன்னை அடிப்பா, எனக்காக வாங்கிக்கோ. தையலைப் பத்தி மூச்சு விடாதே."

— அண்ணே... இந்தக் கம்பியை இப்ப நீங்க பிடிங்க.