இடப்பக்க அடுக்கு

முதலில் எனக்கு உட்கார ஒரு நாற்காலி வேண்டும், சார்.

பெரிய அதிகாரிகளின் அறையில் உட்கார இடம் கேட்கவே கூடாது என்று சொல்லித்தான் அம்மா என்னை வளர்த்தாள். இதே ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் படுக்கை விரிப்பு துவைத்தவள் அவள். லீவு கேட்டு இந்த அறைக்கு வந்தபோதெல்லாம் கதவோரமாக நின்றே பேசிவிட்டுப் போயிருக்கிறாள். "அவங்களா உட்காருன்னாலும் பரவாயில்லைங்கன்னு சொல்லிரு. நீயா வாயைத் திறந்து கேட்டுராதே" என்பாள். எனக்குக் கால் வலிக்கிறது. காலையிலிருந்து நாற்பத்தொரு பேரை நிற்க வைத்து, படுக்க வைத்து, மூச்சை இழுக்கச் சொல்லி, பிடிக்கச் சொல்லி, விடச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். சொல்ல வேண்டியதும் கொஞ்சம் நீளம்.

நன்றி.

நீங்கள் டைப் அடித்து வைத்திருக்கும் காகிதத்தைப் படித்தேன். "எக்ஸ்ரே படத்தைப் பார்த்து நோயை அறியும் தகுதியோ திறனோ எனக்கு இல்லை. மேற்படி படத்தில் இருந்த குறை எனக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை." கீழே கையெழுத்துப் போட்டால் விசாரணை முடிந்தது. மேடத்தின் அண்ணன் கொடுத்த புகாருக்குப் பதில் போய்விடும். என் வேலைக்கும் ஆபத்தில்லை. என்னைக் காப்பாற்றத்தான் இப்படி எழுதியிருக்கிறீர்கள். அது புரிகிறது. ஆனால் இதில் கையெழுத்துப் போட என்னால் முடியாது.

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியதே நான் ஒருத்திதான். மூன்று வருஷம் எலும்பையும் நுரையீரலையும் மட்டும் படித்துவிட்டு, ஆறு வருஷமாக இங்கே எக்ஸ்ரே எடுக்கிறேன். ஒரு நாளைக்கு எழுபது, எண்பது படம். நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஆனாலும் எடுப்பவள் படிக்கக் கூடாது என்பது எங்கள் அறையின் சட்டம். நோயாளி என்ன கேட்டாலும், "டாக்டர் பார்த்துச் சொல்லுவாங்க" என்ற ஒரு வரிதான் எங்களுக்கு அனுமதி. நான் சேர்ந்த அன்றே அந்த வரியைச் சொல்லிக்கொடுத்தவர் மேடம். எங்கள் படங்களையெல்லாம் படித்து அறிக்கை எழுதும் டாக்டர். இப்போது மூன்றாவது மாடியில் படுத்திருப்பவர்.

அதே மேடம் சில மாதங்களில் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். வருஷத் தொடக்கத்தில் ஆஸ்பத்திரி ஊழியர்கள் எல்லோருக்கும் நெஞ்சுப் படம் எடுப்போம். இருநூறுக்கு மேல் வரும். அத்தனையையும் விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்க்க அவருக்கு நேரமில்லை. "சந்தேகமா இருக்கிறதை மட்டும் வலது பக்கம் வச்சிரும்மா. மத்ததெல்லாம் இடது பக்கம் அடுக்கிரு" என்றார். வலப்பக்கத்து அடுக்கை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்ப்பார். இடப்பக்கத்தில் உறையைக்கூடத் திறக்க மாட்டார். மேலே குத்தியிருக்கும் சீட்டில் 'கோளாறு இல்லை' முத்திரையைக் குத்திக் கையெழுத்தைப் போட்டுக்கொண்டே போவார். டீ ஆறுவதற்குள் நூறு முடிந்துவிடும்.

படிக்கத் தெரியாதவளுக்குச் சந்தேகம் மட்டும் எப்படி வரும் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. சமையலறை அக்காவுக்குக் காசநோய் இருப்பதும், லிஃப்ட்காரரின் இதயம் வீங்கியிருப்பதும் அப்படித்தான் வெளியே வந்தன. நான் வலப்பக்கம் வைத்தேன், அவர் பார்த்தார், அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். சமையலறை அக்கா மேடத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு அதில் வருத்தமில்லை. கொஞ்சம் இருந்தது.

போன வருஷக் கடைசியில் ஒரு தையல்காரர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. நுனியில் இருக்கும் தகடு படத்தில் விழும், கழற்றிக் கொடுங்கள் என்றேன். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே, "போட்டோ நல்லா வருமாம்மா? சிரிக்கணுமா?" என்றார்.

"மூச்சை மட்டும் பிடிங்கண்ணே. சிரிப்பெல்லாம் அப்புறம்."

படம் திரையில் வந்தது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் கோட்டுக்குக் கீழே, வெட்டிப்போட்ட நகத்துண்டு மாதிரி ஒரு கறுப்புக் கீற்று. குடலில் ஓட்டை விழுந்து காற்று வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே வயிற்றைத் திறந்தால் பிழைப்பார். படத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். மேடம் மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"மேடம், இதை இப்பவே பாருங்க. குடல் ஓட்டையாயிருக்கு."

"யாரு சொன்னா?"

"படத்துலயே தெரியுது மேடம்."

"யாருக்குத் தெரியுது?"

படத்தை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"பட்டன் அமுக்கப் படிச்சுட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்கிறியா? போய் வரிசையில வை." பிறகு மாணவர்கள் பக்கம் திரும்பி, "இங்க பாதி டாக்டருங்க ஜாஸ்தியாயிட்டாங்கப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவசரப் பிரிவுக்கு நேராகப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனேன். அங்கே இருந்த டாக்டர், "அறிக்கை எங்கே?" என்றார். படம் எடுத்தது பத்து இருபதுக்கு. வரிசையில் அதன் முறை வந்தது மூன்று நாற்பதுக்கு. பார்த்ததும் மேடமே பதறிப்போய் போன் செய்தார், அதையும் சொல்ல வேண்டும். மறுநாள் காலை தையல்காரர் இறந்துவிட்டார். அளவு நாடா என் மேஜையிலேயே கிடந்தது. நான்காம் நாள் அவர் மனைவி அதை வாங்கிக்கொள்ள வந்தார். கையில் சுருட்டிக்கொண்டே, "சீக்கிரம் பார்த்திருந்தா பொழச்சிருப்பாராம்மா?" என்று கேட்டார்.

"டாக்டரைத்தாங்க கேட்கணும்" என்றேன். எனக்கு அனுமதி உள்ள வரி அதுதானே.

உங்களுக்கு மனு எழுதினேன். 'பார்த்தேன், அவரவர் வரம்புக்குள் இருக்கவும்' என்று பச்சை மையில் எழுதித் திருப்பி அனுப்பினீர்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அதற்குள் எனக்கு 'பாதி டாக்டர்' என்ற பேர் நிலைத்துவிட்டது. வாட்ச்மேன்கூட, "என்ன பாதி டாக்டர், சாப்டாச்சா?" என்பார். பாசமாகத்தான் கேட்பார்.

இரண்டு மாதம் கழித்து ஊழியர் படங்கள் தொடங்கின. மேடத்தை நான்தான் எடுத்தேன். தோளை முன்னால் தள்ளி, தாடையைத் தூக்கி வைத்து, மூச்சை இழுங்க மேடம், பிடிங்க, விடுங்க என்றேன். கோட்டை மாட்டிக்கொண்டே அவர் கேட்டார்:

"என்ன பாதி டாக்டர், நான் தேறுவேனா?"

படம் என் முன்னால் திரையில் இருந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து தெரியாது.

"டாக்டர் பார்த்துச் சொல்லுவாங்க மேடம்."

அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் அவருடைய உறை இடப்பக்க அடுக்கில் இருந்தது. இதைத்தான் நீங்கள் என் அறியாமை என்று எழுதியிருக்கிறீர்கள். வரம்புக்குள் இருக்கச் சொன்னீர்கள், இருந்தேன் என்று வைத்துக்கொள்ளலாம். எடுப்பவள் படிக்கவில்லை, அவ்வளவுதான். இத்தனை நாளாக நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் கையெழுத்துப் போடும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். தன் பெயர் உள்ள உறை வரும்போதாவது திறப்பார் என்று நினைத்தேன். யாருக்குத்தான் தன் படத்தைப் பார்க்க ஆசை இருக்காது? அவர் போனில் யாரிடமோ வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பெயரைப் பார்த்தார். லேசாகச் சிரித்தார். முத்திரையைக் குத்தினார். கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார்.

நான் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

கோடையில் இருமல் தொடங்கியது. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டார். நான் தினமும் அவர் மேஜையில் வெந்நீர் வைத்தேன். மறந்ததே இல்லை. கேட்டுப் பாருங்கள், அவரே சொல்வார். வெந்நீர் வைக்கும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். ஒரு நாள் படி ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்கினார். அன்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஏதாவது ஒரு படத்தைக் காட்டி, "நீ என்னம்மா நினைக்கிறே?" என்று ஒரே ஒரு தடவை அவர் கேட்டிருந்தால் போதும், எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அதற்காகத்தான் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. ஒன்பது மாதம் போய்விட்டது.

இடுப்பு வலி என்று ஸ்கேனுக்கு வந்தபோது புற்றுநோய் எலும்பு வரை பரவியிருந்தது. பழைய படத்தைத் தேடி எடுக்கச் சொன்னார். அவரே விளக்குப் பெட்டியில் மாட்டினார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். சீட்டில் இருந்த தன் கையெழுத்தை விரலால் தடவினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். எல்லாம் தெரிந்துவிட்டது, திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதேம்மா. இதுல உன் தப்பு ஒண்ணுமில்ல. உனக்கு எப்படித் தெரியும், பாவம்? படிச்சவ நான். நான்தான் திறந்து பார்த்திருக்கணும்."

பாவம் என்றார், சார். தையல்காரரைப் பற்றி அவருக்கு ஞாபகமே இல்லை. அந்தக் கறுப்புக் கீற்றை நான் அவர் முகத்துக்கு நேராக நீட்டியதும் ஞாபகம் இல்லை. அண்ணனிடம், அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள், அதற்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்கிறார். உங்கள் காகிதம் அங்கிருந்துதான் வந்தது.

அதற்குப் பிறகு தன்னை நான் மட்டும்தான் படமெடுக்க வேண்டும் என்கிறார். "இவ கை பட்டா வலிக்காது" என்று நர்ஸிடம் சொல்கிறார். எக்ஸ்ரே தகடு சில்லென்று இருக்கும் என்று உள்ளங்கையால் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான் அவர் முதுகுக்கு அடியில் வைக்கிறேன். தோள்பட்டை எலும்பு கையைக் குத்துகிறது. முந்தாநாள் என் மேல் சாய்ந்தபடியே தூங்கிவிட்டார். எழுப்ப மனம் வராமல் கால் மணி நேரம் அப்படியே நின்றேன். நான் அழுதேன். அதுவும் உண்மை. வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் பேனாவை மூடிவிட்டீர்கள். நான் சோர்ந்துபோய் உளறுகிறேன் என்று நினைக்கிறீர்கள். தெரியாமல் செய்ததைத் தெரிந்து செய்ததாக நினைத்து மருகுகிறாள், நல்ல பெண் என்று உங்கள் முகம் சொல்கிறது. அதனால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த வருஷம் வலப்பக்க அடுக்கு காலியாக இல்லை. மேடம் கையெழுத்துப் போட்ட அன்று அங்கே நான்கு உறைகள் இருந்தன. பதிவேட்டில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். நான்கிலும் நோய் இருந்தது. நான் படிப்பதை நிறுத்தவே இல்லை.

முதலில் ஐந்து உறைகள் இருந்தன. மேடத்தின் உறைதான் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. படம் எடுத்த உடனே நான்தான் அங்கே வைத்தேன். யோசிக்காமலே கை அங்கே போய்விட்டது. மறுநாள் காலை அவருடைய செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டபோது எழுந்து, அதை மட்டும் எடுத்து, இடப்பக்க அடுக்கின் நடுவில் செருகினேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. அவசரத்திலும் நடக்கவில்லை. ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, தட்டிச் சரிசெய்தேன்.

"இதை அவங்ககிட்ட சொல்லிராதேம்மா" என்கிறீர்கள். "எனக்கு என்ன வேணும்னாலும் எழுதிக் கொடு, பூட்டி வச்சுக்கறேன். அவங்க நிம்மதியா இருக்காங்க. இன்னும் எத்தனை நாளோ. உன்னை மகள் மாதிரி நினைச்சுக்கிட்டு இருக்காங்க. அதையும் ஏன் பிடுங்கறே?" நியாயமான பேச்சுதான். நேற்று முழுக்க நானும் இதையேதான் யோசித்தேன். சாகப்போகிறவரிடம் பொய்யை விட்டுவைக்கக் கூடாது, உண்மை அவருக்குச் சேர வேண்டிய சொத்து, நான் செய்ததற்குத் தண்டனை வேண்டும் என்றெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். எழுத்து அழகாகத்தான் வந்தது.

உங்கள் காகிதத்தை இங்கேயே வைக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை. போலீஸுக்குச் சொல்வதானால் சொல்லுங்கள், நான் எங்கேயும் ஓடமாட்டேன்.

கதவைவிட்டுத் தள்ளி நில்லுங்கள், சார். அவர் இந்நேரம் விழித்திருப்பார். நான் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. வலது நுரையீரல், காறை எலும்புக்குக் கீழே, இரண்டு சென்டிமீட்டர், ஓரமெல்லாம் பிசிறு. முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டேன். அவர் போவதற்கு முன்னால் இது அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.